ஆவி ஏறியும் அசையாத எஞ்சின்

பிரஷர் கேஜின் முள் நாற்பதைத் தொட்டுவிட்டது. சேஃப்டி வால்வு மெல்ல முனகத் தொடங்கிவிட்டது. ரெகுலேட்டரைத் திறந்தால் புகைபோக்கி வழியே நாலு சொட்டு வெந்நீர் தெறிக்கிறது. சக்கரம் கால் சுற்று திரும்பி நின்றுகொள்கிறது. விரலால் தள்ளிவிட்டால் ஒரு முழம் நகர்ந்து மறுபடி நிற்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, நிஜ நீராவியில் ஓடும் குட்டி ரயில் எஞ்சின்களை விடும் பழக்கம் பிரிட்டனில் வேரோடிப்போன ஒன்று. அங்கே அதிகம் புழங்கும் அளவுகளில் ஒன்றில், நிஜ எஞ்சினின் ஓர் அடி, மாதிரியில் 16 மில்லிமீட்டர். அதாவது பத்தொன்பதில் ஒரு பங்கு. செம்பில் செய்த கொதிகலன். அதன் நடுவே நெருப்பு ஓடும் ஒரு குழாய். ஓட்டுநர் நிற்கும் இடத்தில் கேஸ் தொட்டி. முன்னால் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர். மின்சாரமோ மோட்டாரோ இல்லை. சில நூறு மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைக் கொண்டே ஓடுகிறது.

இந்தக் குட்டி எஞ்சின் முரண்டு பிடிக்கும்போது புதிதாக வாங்கியவரின் கை நேராகத் திருப்புளியைத்தான் தேடும். வால்வு அமைப்பில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, கண்ணில் படும் திருகையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பார். ஒரு கோளாறோடு வந்த எஞ்சின் மூன்று கோளாறோடு பெட்டிக்குள் போகும். போன மாதம் நன்றாக ஓடிய எஞ்சினின் வால்வு, அலமாரியில் இருந்தபடியே இடம் மாறுவது அரிது. மாறக்கூடியவை வேறு: தண்ணீர், கேஸ், எண்ணெய், தூசு, ரப்பர் வளையம். எல்லாவற்றையும்விட, சூடு எந்த வழியாகப் போகிறது என்பது.

புகைபோக்கியில் தெறித்த அந்த நாலு சொட்டிலேயே விசாரணையைத் தொடங்கலாம். கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் இருக்கும் ஆவியின் வெப்பநிலை ஏறத்தாழ 142 பாகை செல்சியஸ். நம் வீட்டு பிரஷர் குக்கரில் விசில் வரும்போது உள்ளே இருப்பது சுமார் 120 பாகைதான். அவ்வளவு சூடான ஆவி, வெளிக்காற்றில் ஆறிக்கிடக்கும் பித்தளைச் சிலிண்டருக்குள் நுழைகிறது. குளிர்ந்த மூடியில் இட்லிப் பானையின் ஆவி முத்து முத்தாகப் படிவதுபோல் அங்கேயே தண்ணீராகிவிடுகிறது. ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில் சிலிண்டர் மூடிக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. அங்கே தண்ணீர் தேங்கினால் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும்.

இது கோளாறே இல்லை. எஞ்சினை முன்னும் பின்னுமாக விரலால் மெதுவாக உருட்டினால் தண்ணீர் புகைபோக்கி வழியே வெளியேறும், சிலிண்டர் சூடேறும், ஐந்தாறு சுற்றில் தானே ஓடத் தொடங்கும். ஸ்லைடு வால்வு உள்ள எஞ்சினில் ஒரு சௌகரியமும் உண்டு. வால்வு தன் தளத்தின்மேல் ஆவி அழுத்தத்தால் மட்டுமே ஒட்டிக்கொண்டிருப்பதால், உள்ளே சிக்கிய தண்ணீர் அதைச் சற்றே தூக்கிக்கொண்டு தப்பிவிடும். பிஸ்டன் வால்வு உள்ளவற்றில் அந்த வழி இல்லை. அங்கே அவசரப்பட்டு முரட்டுத்தனமாகத் தள்ளினால் மெல்லிய கம்பிகள் வளைந்துபோகும்.

ஆனால் பத்து நிமிடம் ஆகியும் தெறிப்பு நிற்கவில்லை, எஞ்சின் திணறுகிறது என்றால்? அங்கேதான் 260 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பழுதுபார்ப்பு நினைவுக்கு வர வேண்டும்.

1763-64 குளிர்காலம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொடுக்கும் ஜேம்ஸ் வாட்டுக்கு அப்போது இருபத்தெட்டு வயதுகூட நிறைந்திருக்குமா என்பது சந்தேகம். இயற்கை மெய்யியல் பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் வகுப்பில் காட்டுவதற்கென்று ஒரு நியூகமன் எஞ்சின் மாதிரி அங்கே இருந்தது. சுரங்கங்களில் தண்ணீர் இறைத்த பேரெஞ்சினின் குட்டி வடிவம் அது. சிலிண்டரின் குறுக்களவு 2 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 6 அங்குலம். அதை லண்டனுக்கு அனுப்பியும் சரியாகவில்லை. வாட் பிரித்துச் சரிசெய்து பற்றவைத்தார். நாலைந்து முறை ஏறி இறங்கியது, நின்றுவிட்டது. பாகம் எதுவும் உடைந்திருக்கவில்லை. நெருப்பு நன்றாகவே எரிந்தது. அளவுக்குப் பொருத்தமான கொதிகலன்தான். ஆனாலும் ஆவி போதவில்லை.

வேறு யாராவது இருந்தால் கொதிகலனைப் பெரிதாக்கியிருப்பார். வாட் வேறொன்றைக் கேட்டார்: பெரிய எஞ்சின் ஓடுகிறதே, அதன் அச்சான இது ஏன் ஓடவில்லை?

விடை வடிவியலில் இருந்தது. ஒரு பொருளின் நீள அகலங்களைச் சுருக்கினால் அதன் பரப்பும் கொள்ளளவும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. கொள்ளளவு இன்னும் வேகமாகச் சுருங்கிவிடும். எனவே சிறிய சிலிண்டரில், உள்ளே இருக்கும் ஆவியோடு ஒப்பிட்டால் அதைச் சூழ்ந்திருக்கும் குளிர்ந்த சுவர் மிக அதிகம். போதாததற்கு அந்த மாதிரி பித்தளையில் செய்யப்பட்டிருந்தது. பெரிய எஞ்சின்களின் வார்ப்பிரும்பைவிடப் பித்தளை வேகமாகச் சூட்டைக் கடத்தும். நியூகமன் எஞ்சினில் ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சி ஆவியைத் தண்ணீராக்குவார்கள். அடுத்த அடிக்கு வரும் ஆவியில் பெரும்பகுதி, ஆறிப்போன சுவரை மறுபடி சூடாக்குவதிலேயே செலவாகிவிடும். சிலிண்டரை நிரப்பத் தேவையானதைப்போலப் பல மடங்கு ஆவி ஒவ்வொரு அடிக்கும் வீணாவதை வாட் அளந்து கண்டார்.

அவர் செய்த இன்னொரு சோதனை எளிமையானது, ஆனால் ஆழமானது. ஆவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்திப் பார்த்தார். தன் எடையைப்போல ஆறு மடங்கு தண்ணீரைக் கொதிநிலைவரை சூடாக்கும் ஆற்றல் ஆவிக்கு இருந்தது. வியந்துபோய் அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பிளாக்கிடம் போனார். உள்ளுறை வெப்பம் என்று தான் பாடம் நடத்திவரும் விஷயம்தான் இது என்று பிளாக் விளக்கினார். 1765-ல், ஆவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கலம் வைத்துச் சிலிண்டரை எப்போதும் சூடாகவே வைத்திருக்கலாம் என்ற யோசனை வாட்டுக்கு வந்தது. 1769-ல் காப்புரிமை கிடைத்தது. ஓடாத அந்த மாதிரி இன்றும் கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தோட்டத்து ரயிலுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கும்போது பரப்பு 361-ல் ஒன்றாகிறது; கொள்ளளவோ 6,859-ல் ஒன்றாகிறது. ஒவ்வொரு சொட்டு ஆவிக்கும் நிஜ எஞ்சினில் இருப்பதைப்போலப் பத்தொன்பது மடங்கு குளிர்ந்த சுவர். நிஜ எஞ்சினின் ஓட்டுநர் கவனிக்கவே தேவையில்லாத விஷயங்களெல்லாம் இங்கே பெரிதாகிவிடும்: லேசாக வீசும் காற்று, கொதிகலனைச் சுற்றியிருக்கும் மரப்பட்டை உறையில் ஒரு விரிசல், ஆவி போகும் வெறும் செம்புக் குழாய். அந்தக் குழாயைச் சுற்றிக் கொஞ்சம் வெப்பந்தாங்கும் நூலைக் கட்டியதும் ஓட்டம் தெளிந்துவிடுவது உண்டு.

தெறிப்பு நிற்காததற்கு இன்னொரு காரணம், கொதிகலனை விளிம்புவரை நிரப்பிவிடுவது. பால் பொங்குவதுபோல் தண்ணீரே ஆவியோடு சேர்ந்து குழாய்க்குள் ஏறிவிடும். முழுக்க நிரப்பி, பின்பு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து மேலே ஆவிக்கு இடம் விடுவது வழக்கம். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெந்நீர்க் கெண்டியின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு, நெருப்புக் குழாயின்மேலும் படிந்து சூட்டைத் தடுக்கும்.

சூட்டுப் பிரச்சினையா, இயந்திரப் பிரச்சினையா என்று பிரித்தறிய அருமையான ஒரு வழி உண்டு: காற்று. கொதிகலன் காலியாக இருக்கும்போது சேஃப்டி வால்வு இருக்கும் இடத்தில் ஓர் இணைப்பைப் பொருத்தி, கார் டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசரால் காற்றைச் செலுத்தினால் போதும். சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கிவைக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் 15 பவுண்டு காற்றிலேயே சீராகச் சுழலும். காற்று தண்ணீராக மாறாது, சிலிண்டரில் தேங்காது. காற்றில் இரு திசையிலும் அழகாக ஓடுகிற எஞ்சின் ஆவியில் நொண்டினால், வால்வைத் தொட வேண்டியதில்லை. நெருப்பையும் தண்ணீரையும் எண்ணெயையும் பார்க்க வேண்டும். காற்றிலேயே நொண்டினால்தான் திருப்புளிக்கு வேலை.

அப்போதும் முதலில் விரலுக்குத்தான் வேலை. சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றினால், ஒரே இடத்தில் மட்டும் இறுகும் எஞ்சின்கள் உண்டு. அந்த இடத்தில் சக்கரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். சக்கரங்களை இணைக்கும் கம்பியைக் கழற்றியதும் இறுக்கம் போய்விட்டால், அச்சில் ஒரு கிராங்க் லேசாக நழுவியிருக்கிறது. இடது, வலது கிராங்குகள் 90 பாகை விலகி நிற்க வேண்டும். ஒரு பக்கத்து பிஸ்டன் தள்ள முடியாத முனைப்புள்ளியில் நிற்கும்போது மறுபக்கத்து பிஸ்டன் முழு வலுவோடு தள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எல்லா அச்சிலும் இந்தக் கோணம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் கம்பி தன் சக்கரங்களோடு தானே மல்லுக்கட்டும்.

இறுக்கம் சுற்று முழுக்க இருந்தால், பிஸ்டன் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டைச் சந்தேகிக்கலாம். ஆவி கசிகிறதே என்று யாரோ அதை முறுக்கியிருப்பார்கள். அங்கே லேசான கசிவு பரவாயில்லை. பிரேக் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும் நட்டுதான் கெடுதல்.

பிறகு காது. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் ஆவி தள்ளுகிறது. ஆக ஒரு சுற்றுக்கு நான்கு மூச்சு. நான்கும் ஒரே இடைவெளியில், ஒரே வலுவில் கேட்க வேண்டும். தாளம் போட்டுப் பழகிய காது, ஓர் அடி பிந்துவதைச் சட்டென்று பிடித்துவிடும். நான்கில் ஒன்று பிந்தினால் வால்வு அமைப்பில் நழுவல். மூச்சுக்கு நடுவே விடாமல் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்தால் ஆவி எங்கோ குறுக்கு வழியில் தப்புகிறது. பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் ஓ-ரிங் தட்டையாகிவிட்டிருக்கும். வருடக்கணக்கில் சும்மா இருந்த எஞ்சின்களில் இதைத்தான் அதிகம் காணலாம்.

உண்மையிலேயே வால்வுதான் என்று தெரிந்துவிட்டால், கழற்றுமுன் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே ஊசியால் கீறி அடையாளம் வைப்பது நல்லது. பெல்ஜியத்து எகிட் வால்சார்ட் 1844-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு பல மாதிரிகளில் அப்படியே சிறிதாக இருக்கிறது. மூடியைத் திறந்து, பிஸ்டன் இரு முனைகளுக்கு வரும்போதும் ஆவித் துளை ஒரே அளவு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருகைக் கால் சுற்று திருப்புவது, ஓட்டிப் பார்ப்பது, பிறகே அடுத்தது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது.

காற்றில் தேர்ச்சி பெற்ற எஞ்சினுக்கு வருவோம். அழுத்தமே ஏறவில்லை, அல்லது ஏறியது ஓடத் தொடங்கியதும் விழுந்துவிடுகிறது என்றால் குற்றவாளி நெருப்பு.

கேஸ் பர்னரின் ஜெட் ஒரு சிறு பித்தளைத் திருகு. அதன் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் துளை. இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்துவைத்த கனம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், நடுவில் ஒரு நட்சத்திரம்போல் ஒளி தெரிய வேண்டும். பிறையாகத் தெரிந்தால் பாதி அடைப்பு. ஒன்றுமே தெரியாவிட்டால் முழு அடைப்பு. கேஸ் நிரப்பும்போது வந்த ஒரு தூசும் ஓர் எண்ணெய்த் துளியும் போதும். பம்பு ஸ்டவ் பழகிய வீட்டில் வளர்ந்தவர்களின் கை உடனே பின்னைத் தேடும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நிப்பிளைக் குத்திச் சுத்தம் செய்த பழக்கம். இங்கே அதைச் செய்யவே கூடாது. பித்தளை மிருதுவானது. 0.20 ஆக இருந்த துளை 0.22 ஆனாலே அதன் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும்; அவ்வளவு கூடுதல் கேஸுக்கு வேண்டிய காற்று அந்தப் பர்னரில் கிடைக்காது. ஜெட்டைக் கழற்றி, கரைப்பானில் ஊறவைத்து, பின்பக்கமாகக் காற்றை ஊதித்தான் அடைப்பை எடுக்க வேண்டும்.

துளை சுத்தமாக இருந்தும் நெருப்பு சோர்ந்தால் தொட்டியைத் தொட்டுப் பார்க்கலாம். சில்லென்று, வெளியே வியர்த்துக்கூட இருக்கும். திரவமாக உள்ளே இருக்கும் பியூட்டேன் ஆவியாகும்போது தன் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. பிளாக் பாடம் நடத்திய உள்ளுறை வெப்பம்தான் இங்கேயும். பியூட்டேனின் கொதிநிலை -0.5 பாகை. குளிர்காலக் காலையில் தொட்டி அந்த நிலையை நெருங்கினால் வெளியே தள்ளும் அழுத்தமே இருக்காது. −42 பாகையிலேயே கொதிக்கும் புரோப்பேனைக் கொஞ்சம் கலந்த கேஸை பிரிட்டனில் விற்பது இதனால்தான். சிலர் தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் நிற்க ஒரு சிறு தட்டு வைக்கிறார்கள். கொதிகலன் நன்றாகச் சூடான பிறகு நிலைமை தலைகீழ்: பக்கத்தில் இருக்கும் தொட்டியும் சூடாகி நெருப்பு இரைய ஆரம்பிக்கும், குறைத்துவைக்க வேண்டும்.

பர்னரின் ஓசையும் தகவல்தான். சீராக உறுமினால் நல்லது. ஊளையிட்டால் காற்றும் கேஸும் சேரும் விகிதம் தவறு. பற்றவைத்த நெருப்பு குழாய்க்குள் போகாமல் புகைபோக்கி அடியிலேயே நின்று எரிந்தால், புகைப்பெட்டி கொதிக்கும், தண்ணீர் கொதிக்காது. கேஸை அணைத்து மறுபடி பற்றவைப்பதே வழி.

நிலக்கரியில் ஓடும் சற்றுப் பெரிய மாதிரிகளில் கதை வேறு. சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஆவி புகைபோக்கியில் சீறிப்போகும்போது ஏற்படும் இழுவைதான் நெருப்புக்குக் காற்றூட்டுகிறது. புகைப்பெட்டிக் கதவில் ஓர் இடுக்கு இருந்தால் காற்று அதன் வழியே நுழைந்துவிடும், நெருப்பு மங்கிவிடும். இவ்வளவு சிறிய அளவில் நிலக்கரி சரிப்படுமா என்பதே ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதம். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் 'மாடல் எஞ்சினியர்' இதழில் எழுதியவர், 1924-ல் இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் 'ஆயிஷா' என்ற தன் எஞ்சினைக் காட்டினார். வளர்ந்த ஓர் ஆளை அது இழுத்தது. சரியாக வடிவமைத்த கொதிகலன் எத்தனை சிறியதானாலும் வேலை செய்யும் என்று அதன்பின் பலர் நம்பத் தொடங்கினார்கள்.

நெருப்பைச் சரிசெய்யும் ஆர்வத்தில் மறக்கக்கூடாதது ஒன்று. சேஃப்டி வால்வு சீக்கிரம் திறக்கிறது என்று அதன் ஸ்பிரிங்கை இறுக்குவது உயிரோடு விளையாடுவது. பிரிட்டனில் புதிய மாதிரிக் கொதிகலனைத் தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கு ஏற்றிச் சோதிக்கிறார்கள். காற்றால் சோதிப்பதில்லை; அமுங்கிய காற்று, கலம் பிளந்தால் வெடிக்கும், தண்ணீர் கசிந்து நின்றுவிடும். இதே காரணத்தால்தான் மேலே சொன்ன காற்றுச் சோதனையும் 15 பவுண்டோடு நிற்க வேண்டும்.

கடைசியாக, அதிகம் மறக்கப்படும் எண்ணெய். ஆவி, சிலிண்டரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டே இருக்கும்; ஓடும்போதே எண்ணெய் ஊட்ட வேண்டும். பெரிய ரயில்களிலும் இது தலைவலியாக இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிவந்த பெற்றோருக்கு 1844-ல் பிறந்த எலைஜா மெக்காய்க்கு, எடின்பரோவில் பொறியியல் கற்றும் அமெரிக்காவில் கிடைத்தது ரயிலில் கரி தள்ளி எண்ணெய் போடும் வேலைதான். ரயிலை நிறுத்தி நிறுத்தி எண்ணெய் போட்டவர் 1872-ல் தானே எண்ணெய் ஊட்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே, 1860-ல் இங்கிலாந்தின் ஜான் ராம்ஸ்பாட்டம் காப்புரிமை பெற்ற முறைதான் தோட்டத்து எஞ்சின்களில் இன்றும் இருக்கிறது.

அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. சுண்டுவிரல் நுனி அளவு சிறு தொட்டி நிறைய எண்ணெய். ஆவிக்குழாயோடு அதை இணைக்க ஊசிமுனைத் துளை. ஆவி கொஞ்சம் தொட்டிக்குள் நுழைந்து ஆறித் தண்ணீராகிறது. தண்ணீர் கனம், அடியில் போய் உட்காருகிறது. எண்ணெய் மேலே தள்ளப்பட்டு, அதே துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆவியோடு சேர்கிறது. ஊற்ற வேண்டியது 460 என்று அடையாளமிட்ட, தேன்போலக் கனத்த சிலிண்டர் எண்ணெய். ஈரமான உலோகத்தில் ஒட்டிக்கொள்வதற்காக அதில் கொஞ்சம் விலங்குக் கொழுப்பும் கலந்திருக்கும். வீட்டில் இருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெயை ஊற்றினால் சில நிமிடத்தில் ஆவி அதைக் கழுவிவிடும். சிலிண்டர் கீச்சிடும், எஞ்சின் தள்ளாடும், பார்ப்பவர் வால்வைச் சந்தேகிப்பார்.

எனவே ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும், அந்தக் குட்டித் தொட்டியின் மூடியைத் திறந்து சிரிஞ்சால் அடிவரை உறிஞ்சுவது பழகியவர்களின் முதல் வேலை. சிரிஞ்சுக்குள் கீழே தெளிந்த தண்ணீரும் மேலே பழுப்பாக ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமும் வந்தால், ஓட்டம் முழுக்க எண்ணெய் ஒழுங்காகப் போயிருக்கிறது. ஊற்றிய எண்ணெய் ஊற்றியபடியே கறுத்துத் திரண்டு வந்தால், துளை அடைத்திருக்கிறது. காலையில் கால் சுற்று திரும்பி நின்றுபோன சக்கரத்துக்கான காரணம் அந்தச் சிரிஞ்சில் இருக்கக்கூடும்.